கலர் போனாலும் கருப்பு வெள்ளை இருக்கும்

பிலிம் போட்டோகிராஃபி என்றைக்காவது முழுசாக நின்றுபோகும் என்றால், கடைசியாக நிற்கப்போவது கருப்பு வெள்ளைதான். முதலில் ஸ்லைடு (நெகட்டிவ் இல்லாமல் நேரடியாகவே கலர் படமாக வரும் பிலிம்) போகும், அப்புறம் கலர் நெகட்டிவ், அதற்கும் ரொம்ப நாள் கழித்துத்தான் இது. பழைய படங்கள் மேல் எனக்குப் பாசம் நிறைய உண்டு, ஆனால் இதை அந்தப் பாசத்தை வைத்துச் சொல்லவில்லை. பிலிமை யார் தயாரிக்கிறார்கள், அதில் என்ன பூசுகிறார்கள், வீட்டில் அதைக் கழுவ என்னென்ன தேவை என்று பார்த்துக்கொண்டே வந்தால் இந்த முடிவுக்குத்தான் வரமுடிகிறது.

கலர் நெகட்டிவ் பிலிமின் மேலே இருக்கும் பூச்சு தலைமுடியைவிட மெல்லியது. அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள். நீலம், பச்சை, சிவப்பு ஒளிக்குத் தனித்தனி, அந்த ஒவ்வொன்றிலும் வேகமானது, மெதுவானது என்று இரண்டு மூன்று, நடுவே மஞ்சள் வடிகட்டி, அடுக்குக்கு அடுக்கு நிறம் கலந்துவிடாமல் தடுக்க இன்னும் சில. கழுவும்போது நிறம் உண்டாக்குகிற வேதிப்பொருள்களையும் உள்ளேயே வைத்துப் பூச வேண்டும், எல்லாவற்றையும் முழு இருட்டில். இதைச் செய்யத் தெரிந்த இடங்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். கருப்பு வெள்ளை பிலிமில் இந்த வம்பெல்லாம் இல்லை. ஜெலட்டினில் வெள்ளி உப்புப் படிகங்களைக் கலந்து ஒன்றிரண்டு அடுக்காகப் பூசி, மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுத்தால் அடிப்படை முடிந்தது. நல்ல பிலிம் செய்வது அவ்வளவு சுலபம் என்று சொல்ல வரவில்லை, அதற்கும் பல வருஷக் கைப்பக்குவம் வேண்டும். ஆனால் ஒரு சின்ன தொழிற்சாலையால் செய்யமுடியும். அதுதான் இங்கே முக்கியம்.

இத்தாலியில் ஃபெர்ரானியா என்ற பிலிம் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். ஒரு காலத்தில் கோடாக், ஆக்ஃபா மாதிரி பெரிய பெயர். பழைய தொழிற்சாலையில் பெரும்பகுதி போய், ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ஒரு சிறிய பூச்சு இயந்திரம் மிஞ்சியது. அதை ஓட்ட சிலர் சேர்ந்து 2014ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் பணம் திரட்டினார்கள். அவர்கள் செய்து தருகிறோம் என்றது கலர் ஸ்லைடு பிலிம். 2017ல் முதலில் கைக்கு வந்தது பி30 என்ற கருப்பு வெள்ளை பிலிம். கலரைவிட அதற்கான வழி குறுகியது.

இங்கிலாந்தின் இல்ஃபோர்ட் இதே கதையின் இன்னொரு பக்கம். 1879ல் ஆல்ஃபிரட் ஹார்மன் தொடங்கிய நிறுவனம். டிஜிட்டல் அலை அடித்தபோது 2004ல் திவால் நிலைக்குப் போனது. 2005ல் அங்கேயே வேலை பார்த்த மேலாளர்கள் ஆறு பேர் சேர்ந்து அதை வாங்கி, நிறுவனருடைய பெயரிலேயே ஹார்மன் டெக்னாலஜி என்று நடத்தினார்கள். மான்செஸ்டர் பக்கத்தில் மாபர்லி என்ற ஊரில் இன்றைக்கும் எச்பி5, எஃப்பி4, டெல்டா என்ற கருப்பு வெள்ளை பிலிம்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. அவர்கள் பெரிதாக எந்தப் புதுமையும் செய்யவில்லை, கருப்பு வெள்ளையை மட்டும் பிடித்துக்கொண்டு, விற்கிற அளவுக்குத் தயாரிப்பது என்று இறங்கி வந்தார்கள். இதே ஹார்மன் டெக்னாலஜி 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் 200 என்று தன்னுடைய முதல் கலர் பிலிமை விட்டது. எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும், ஆனால் கண்ட்ராஸ்ட் தூக்கலாக, கிரெயின் (படத்தில் தெரியும் மணிமணியான புள்ளிகள்) பொரிப்பொரியாக இருக்கும். நூறு வருஷத்துக்கு மேல் பிலிம் செய்த கைகளுக்கே கலர் முதல் அடியில் அப்படித்தான் வருகிறது என்றால், கலர் பிலிமின் எதிர்காலம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். செக் நாட்டின் ஹ்ராடெட்ஸ் க்ராலவே ஊரில் ஃபோமா 1921லிருந்து ஓடுகிறது. ஃபோமாபான் 100, 200, 400 மாதிரி பிலிமும் காகிதமும் வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

கோடாக் மட்டும் வேறு கணக்கு. 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்து 2013ல் மீண்டது. ராச்செஸ்டரில் அதன் பூச்சு இயந்திரம் ராட்சத அளவு, அதை ஓட்டிக்கொண்டிருக்க சினிமா வேண்டும். ஹாலிவுட் இயக்குநர்கள் பிலிமில்தான் எடுப்போம் என்று பிடிவாதமாக நிற்பதால்தான் நமக்கும் டிரை-எக்ஸ் என்ற அதன் கருப்பு வெள்ளை பிலிம் ஒரு ரோல் கிடைக்கிறது. 2023ல் வந்த ஓப்பன்ஹைமர் படத்துக்காக ஐமேக்ஸ் கேமராவில் போடும்படி 65 மில்லிமீட்டர் கருப்பு வெள்ளை பிலிமை கோடாக் முதன்முறையாகத் தயாரித்தது. டிஜிட்டல் வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகு இதுவரை இல்லாத ஒரு கருப்பு வெள்ளை பிலிம் பிறந்திருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம்.

சரி, நம்ம ஊட்டிக்கு வருவோம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற சாலையில் இந்துநகர் வரும். இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கேதான் இருந்தது. 1960ல் மத்திய அரசு தொடங்கி, பிரான்ஸின் போஷே நிறுவனத்துடைய தொழில்நுட்பத்தோடு 1967ல் உற்பத்தி ஆரம்பித்தது. குளிர்ச்சி, தூசியில்லாத காற்று, பிலிம் பூச அதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் கிடைக்காது. 'இந்து' என்ற பெயரில் பிலிமும் பிரிண்ட் போடும் காகிதமும் எக்ஸ்ரே பிலிமும் நாடு முழுக்கப் போயின. வெளிநாட்டுச் சரக்கு சுலபமாகக் கிடைக்காத காலத்தில் ஸ்டூடியோக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆதரவு என்று அந்தத் தலைமுறை ஆட்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி மலையில் வாழ்ந்தன.

அப்புறம் கல்யாண வீடுகளெல்லாம் கலருக்கு மாறின, இறக்குமதி தாராளமானது, எக்ஸ்ரேக்காக எடுத்த பெரிய விரிவாக்கத்தின் கடன் கழுத்தை நெரித்தது, 1996ல் நலிவடைந்த நிறுவனம் என்று அறிவித்தார்கள், எக்ஸ்ரேயும் டிஜிட்டலானது, கடைசியில் மூடிவிட்டார்கள். டிஜிட்டல்தான் ஊட்டியைக் கொன்றது என்று பலர் சொல்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. டிஜிட்டல் கேமரா வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்பே அது படுத்துவிட்டது. மாபர்லிக்கு முடிந்தது ஊட்டிக்கு ஏன் முடியவில்லை என்றால், சின்னதாகிப் பிழைக்கலாம் என்ற வழியை அதற்கு யாரும் திறந்துவிடவில்லை என்பதுதான் என் கருத்து. முழுசாக ஓட்டு, இல்லையென்றால் முழுசாக மூடு என்று இரண்டே வழிதான் இருந்தது. ஒரு பூச்சு இயந்திரத்தையும் அனுபவமுள்ள கொஞ்சம் பேரையும் ஒரு கட்டடத்தையும் மட்டும் தனியாகப் பிரித்து வைத்திருந்தால், இன்றைக்கு உலகத்தில் கருப்பு வெள்ளை பிலிம் செய்கிற சொற்ப ஊர்களில் ஊட்டியும் ஒன்றாக இருந்திருக்கும். இயந்திரம் துருப்பிடித்தால் வேறு வாங்கலாம். இருட்டில் பிலிமில் பூசும் குழம்பின் பதத்தைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்றுப் போனால் அந்த அறிவைத் திரும்ப வாங்க எங்கேயும் கடை கிடையாது. இதை நினைத்தால் இன்னமும் மனசு ஆறவில்லை.

கருப்பு வெள்ளையின் ஆயுளுக்கு இன்னொரு காரணம், அதைக் கழுவ லேப் தேவையில்லை என்பது. கலர் பிலிம் கழுவும் சி-41 முறைக்கு டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல்) 37.8 டிகிரியில் நிற்க வேண்டும், கால் டிகிரி பிசகினாலும் நிறம் மாறும். லேப்கள் மூடினால் கலர் திணறும். இங்கே அப்படி இல்லை. டி-76 என்ற டெவலப்பரை கோடாக் 1927ல் கொடுத்தது, அதன் அளவு அப்போதிலிருந்தே எல்லாருக்கும் தெரியும்: மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், தண்ணீர் சேர்த்து ஒரு லிட்டர். ஒரு தராசும் ரசாயனக் கடையும் இருந்தால் போதும், கோடாக்கே இல்லாமல் போனாலும் டி-76 இருக்கும். அதுவும் கிடைக்கவில்லையா, இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி மூன்றையும் கலந்தே பிலிம் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். விலை குறைந்த, ரொபஸ்டா அதிகம் உள்ள தூள்தான் அதற்கு நல்லது. நாற்றம் மட்டும் தாங்காது.

சென்னையில் கழுவுகிறவர்களுக்கு உண்மையான சவால் தண்ணீரின் சூடு. புத்தகத்தில் எல்லாம் 20 டிகிரி என்று போட்டிருக்கும், இங்கே மே மாதம் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான். நான் செய்வது இது. ஒரு அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் ஊற்றி, ஃப்ரீசரில் உறையவைத்த பாட்டில்களை அதில் போட்டு, டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர், அலசுகிற தண்ணீர் எல்லாவற்றையும் அதே டப்பில் நிற்க வைத்துவிடுவேன். மதிய நேரத்தில் 20க்கு இறக்கப் பாடுபடுவதில்லை, 24ல் நின்றாலே போதும், ஆனால் எல்லா பாட்டிலும் அதே 24ல் இருக்க வேண்டும். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து எடுத்துச் சூடான தண்ணீரில் போட்டால் ஜெலட்டின் சுருங்கிப் படமெல்லாம் வரிவரியாக வெடித்துவிடும். எச்பி5 பிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 24க்குப் போனால் அது ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் கழுவினால் வானம் திட்டுத்திட்டாக வரும் ஆபத்து உண்டு, அதனால் வெயில் காலத்தில் டெவலப்பரோடு சரிபாதி தண்ணீர் கலந்து நேரத்தை நீட்டிக்கொள்வது நல்லது.

அதைவிடப் பெரிய தொல்லை வியர்வை. சேஞ்சிங் பேக் என்ற ஒளிபுகாத பைக்குள் இரண்டு கையையும் விட்டு பிலிமை ரீலில் சுற்றும்போது, உள்ளே ஓரிரு நிமிடத்தில் புழுக்கம் ஏறிவிடும். பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் பட்டாலும் பிலிம் பாதியில் சிக்கிக்கொண்டு முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. ரீலை முந்தின நாளே வெயிலில் காயவைத்து, பிலிம் முனையின் இரண்டு மூலையையும் கத்தரியால் லேசாக வளைத்து வெட்டிவிட்டு, விடியற்காலையிலோ ஏசி அறையிலோ சுற்றினால் வழுக்கிக்கொண்டு போகும். இந்த மாதிரி விஷயம் எல்லாக் கையேட்டிலும் கிடையாது, நம்ம ஊர்ச் சூட்டில் கழுவுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பிலிம் இருக்கும் என்கிறேன், ஆனால் சுற்றியுள்ள எல்லாமும் இருக்குமா என்றால் அங்கேதான் எனக்குக் கவலை. முதலில் கேமரா. பென்டாக்ஸ் கே1000, நிகான் எஃப்எம்2 போன்றவற்றைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்குகள் வயதாகிப் போகிறார்கள், அவர்களிடம் தொழில் கற்க ஆள் வருவதில்லை. 2022ல் லைக்கா எம்6 மறுபடியும் வந்தது, 2024ல் பென்டாக்ஸ் 17 என்று புத்தம்புதிய பிலிம் கேமராவே வந்தது, மகிழ்ச்சிதான், ஆனால் முதலாவதின் விலையைப் பற்றி நம்மில் பெரும்பாலானவர்கள் பேசவே முடியாது. கையால் ஷட்டர் சரிசெய்யத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் இப்போதே அவரிடம் கேமராவைக் கொடுத்து வேலை வாங்குங்கள், பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள விட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது காகிதம். 2005லேயே கோடாக் கருப்பு வெள்ளைக் காகிதத்தை நிறுத்திவிட்டது. இல்ஃபோர்ட், ஃபோமா மாதிரி சிலர்தான் இன்னும் செய்கிறார்கள். இப்போது பிலிம் எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் ஸ்கேன் செய்வதோடு நின்றுவிடுவதால், பிலிம் விற்கிற அளவுக்குக் காகிதம் விற்பதில்லை. நெகட்டிவைக் காகிதத்தில் பெரிதாக்கும் என்லார்ஜரைப் பழைய இரும்புக் கடையில் பார்க்கும்போதெல்லாம் வயிறு பற்றுகிறது. சிவப்பு விளக்கில் டிரேக்குள் வெள்ளைக் காகிதத்தில் ஒரு முகம் மெல்ல எழும்பி வருவதை ஒரு தடவை பார்த்தவர் அப்புறம் திரையில் பார்ப்பதோடு திருப்தியாக மாட்டார், அதனால் யாராவது டார்க் ரூம் வைத்திருந்தால் புதியவர்களை உள்ளே கூப்பிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

விலையும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். பிலிமில் இருப்பது வெள்ளி, அது ஏறினால் இதுவும் ஏறும். இறக்குமதி ரோல் ஒன்றின் விலை இங்கே ஏற்கனவே அதிகம். மாணவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. நான் சொல்கிற வழி, நான்கைந்து பேர் சேர்ந்து 100 அடி ரோலாக வாங்கி, பல்க் லோடர் என்ற சுற்றும் கருவியில் போட்டுக் காலி டப்பாக்களில் சுற்றிக்கொள்வது. 36 படம் வரும் ரோலாக 18 வரை கிடைக்கும். விமானத்தில் போகிறவர்கள், புதிய சிடி ஸ்கேனர்கள் கழுவாத பிலிமைக் கெடுத்துவிடும் என்பதை நினைவில் வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

டிஜிட்டலை எதிரி என்று நினைக்கிற பிலிம்காரர்களோடு எனக்கு ஒட்டாது. டிஜிட்டல் பறித்துக்கொண்டது பாஸ்போர்ட் படம், செய்திப் படம், கல்யாண ஆல்பம் என்று அவசரமாகவும் மொத்தமாகவும் நடந்த வேலைகளை. அவை பிலிமுக்குத் திரும்பாது, திரும்பவும் வேண்டாம். இன்றைக்கு ஒரு டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும்தான் நம் நெகட்டிவ்களுக்குச் சிறந்த ஸ்கேனர். 2012ல் லைக்கா, 2023ல் பென்டாக்ஸ் என்று கருப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமராக்கள் வந்திருப்பதும் நல்ல சேதிதான். ஒளியையும் நிழலையும் மட்டும் வைத்துப் பார்க்கிற கண் பிலிமோடு செத்துப்போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொன்று, செயற்கை நுண்ணறிவு படம் வரைகிற காலத்தில் நெகட்டிவ்தான் உண்மைக்கு ஆதாரம், அதனால் பிலிமுக்கு மறுவாழ்வு நிச்சயம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். கணினித் திரையில் ஒரு பொய்ப் படத்தை வைத்து அதைப் பிலிமில் எடுத்துவிட்டால் அதற்கும் நெகட்டிவ் கிடைத்துவிடும். ஆனாலும் ஒரு ரோலை முழு நீளத்துக்கு விரித்து வைத்தால், முன்னால் எடுத்தது, பின்னால் எடுத்தது, தவறிப்போனது என்று அன்றைக்கு அந்த ஆள் எங்கே நின்றார், எதைத் திரும்பிப் பார்த்தார் என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். அந்த வரிசையைப் பொய்யாக உருவாக்குவது தனிப் படத்தைவிட நிச்சயம் கடினம்.

எதிர்காலத்தைவிட எனக்கு அவசரமாகப் படுவது ஏற்கனவே எடுத்த படங்கள். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஸ்டூடியோ இருந்தது. வரைந்த திரைக்கு முன்னால் கல்யாண ஜோடி, மொட்டையடித்த குழந்தை, புது சைக்கிளோடு வாலிபன், நெகட்டிவிலேயே பென்சிலால் நுணுக்கமாக டச்சிங் செய்து முகத்தை வழவழப்பாக்கிய அந்தக் கைத்திறன், எல்லாம் கருப்பு வெள்ளையில். ஸ்டூடியோக்கள் மூடும்போது பெட்டி பெட்டியாக நெகட்டிவ் எடைக்குப் போயிருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டலாக்கியது, கோயில் சிற்பங்களின் பெரிய கருப்பு வெள்ளைத் தொகுப்பும் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் ஒரு நிறுவனம் எத்தனை ஊருக்குப் போகமுடியும்?

உங்கள் வீட்டிலோ தெரிந்த ஸ்டூடியோவிலோ பழைய நெகட்டிவ் இருந்தால், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் பரணில் மட்டும் வைக்காதீர்கள், அந்தச் சூடு சில வருஷத்தில் பிலிமைத் தின்றுவிடும். பெட்டியைத் திறக்கும்போது காடி (வினிகர்) நெடி அடித்தால் பிலிமின் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அவற்றை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள், அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பழைய பிளாஸ்டிக் உறைகளை எடுத்துவிட்டுச் சுத்தமான காகித உறையில் போட்டு, வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். என்ன இருக்கிறது என்று பார்க்க ஸ்கேனர் கூட வேண்டாம். டேப்லெட்டில் வெள்ளைத் திரையை வைத்து, நெகட்டிவை அதன்மேல் ஒட்டாமல் இரண்டு விரல் உயரத்தில் பிடித்து, போனில் படமெடுத்து நிறத்தைத் தலைகீழாக்கினாலே முகம் தெரிந்துவிடும். யார், எந்த ஊர், ஏறக்குறைய எந்த வருஷம் என்று பெரியவர்களிடம் கேட்டு உறையின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள். போனில் எடுத்தாகிவிட்டதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்தப் போன் படத்தைவிட எத்தனையோ மடங்கு விவரம் அதில்தான் இருக்கிறது.